உள்ளே இருக்கட்டும்

எதிர்க்கட்சித் தலைவர் என் கணவரின் அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன். தேர்தல் வேண்டும் என்று இருபது வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவர். எங்கள் வீட்டில் எந்த அறையில் யார் படுப்பது என்பதைக்கூட அவரே முடிவு செய்வார்.

அன்று உள்துறை அமைச்சர் பேச்சுவார்த்தைக்கு வீட்டுக்கே வந்தார். வாசலில் பஸ் ஊழியர்கள் ரோட்டை அடைத்து உட்கார்ந்திருந்ததால் பின்பக்கமாக நுழைந்தார். தேர்தல் தேதியை அறிவிக்கும்வரை பஸ் ஓடாது என்று அவர்களைத் திரட்டியவர் என் கணவர். அவரைப் பிடித்து உள்ளே போட்டு ஒரு மாதம் ஆகிறது. அவர் விடுதலைதான் முதல் நிபந்தனை என்று மாமா எனக்குச் சத்தியம் செய்திருந்தார்.

மேடையில் மாமா கொலைகாரன் என்று ஏசுகிற அந்த அமைச்சர், மாமாவின் தோளில் கை போட்டு உட்கார்ந்திருந்தார். கல்லூரி விடுதியில் ஒரே அறையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ கொண்டுபோனேன். என்னைப் பார்த்து அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. நாற்காலி மேசைக்கு யார் பயப்படுவார்கள்?

"தேர்தல ரெண்டு வருஷம் தள்ளிப் போடுவோம். அதுவரைக்கும் கூட்டு மந்திரிசபை. உனக்கு மூணு இலாகா," என்றார் அமைச்சர்.

"அதான் நல்லது. இவங்க கையில இப்பவே ஓட்டக் குடுத்தா, யாருக்குப் போடறதுன்னு தெரியாம நம்ம ரெண்டு பேரையும் காலி பண்ணிடுவாங்க." மாமா வாசல் பக்கம் கைகாட்டிச் சிரித்தார்.

"உன் தம்பிய இன்னைக்கே விட்டுடறேன்."

மாமா டீயை ஊதிக் குடித்தார். "அவசரம் வேணாம்டா. வெளிய வந்தா இதுக்கு ஒத்துக்க மாட்டான். பஸ்ஸையும் ஓட விடமாட்டான். கையெழுத்து ஆகுறவரைக்கும் உள்ளயே இருக்கட்டும்."

அந்த டீயை எடுத்து அவர் முகத்தில் ஊற்ற வேண்டும்போல் இருந்தது. ஊற்றியிருந்தால் கோபம் அந்த அறையோடு முடிந்திருக்கும்.

அமைச்சர் போனதும் மாமா சோகத்தை முகத்தில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கேமராக்கள் இருந்ததால் என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "என் தம்பிய விடுறவரைக்கும் நான் ஓயமாட்டேன்," என்று மைக்கில் தழுதழுத்தார். கைதட்டல் பறந்தது.

மைக்கைப் பிடுங்கினேன். "அவர உள்ள வச்சிருக்கச் சொன்னதே இவர்தான். தேர்தலையும் ரெண்டு வருஷம் தள்ளிட்டாங்க. என் காதால கேட்டேன்."

மாமா கோபப்படவே இல்லை. என் தலையைத் தடவி, மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார். "பாவம், புருஷன் நெனப்புல இந்தப் பொண்ணு தூங்கியே பல நாளாச்சு," என்றார்.

முன்னால் இருந்த டிரைவர் கண்ணைத் துடைத்தார். யாரோ தண்ணீர் நீட்டினார்கள். "அண்ணிய உள்ள கூட்டிட்டுப் போங்கப்பா," என்றது ஒரு குரல். மறுபடியும் மாமாவுக்குக் கைதட்டினார்கள். என் கணவரின் ஆட்கள். அவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம், மாமா மேல் வந்ததைவிடக் குறைவில்லை.

தண்ணீரைத் தட்டிவிட்டேன். வீட்டுக்குள் போகாமல் படியிறங்கி அவர்கள் நடுவே ரோட்டில் உட்கார்ந்தேன். மாமா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த பெண் கண்டக்டர் மட்டும் கைதட்டவில்லை.

"உள்ள என்ன பேசினாங்க அண்ணி? மொதல்லருந்து சொல்லுங்க," என்றாள்.