கால்மணி முந்திய மண்டபம்

திருக்கடையூரில் மனோகரன் நடத்தும் கல்யாண மண்டபத்திலிருந்து சன்னதித் தெரு பஞ்சநதத்தின் பூக்கடைக்கு ஆர்டர் அனுப்பும் மென்பொருளைச் செய்தது நானும் என் கணவர் பிரபுவும்தான். தஞ்சாவூரில் எங்களுக்குச் சின்ன அலுவலகம். இரண்டு கணினிகள் எந்த முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்குப் பைண்டிங் என்று பெயர். சாதாரண பைண்டிங் தபால் அட்டை மாதிரி, எழுதிப் போட்டால் போய்ச் சேரும். உயர்ந்த ரகமோ முத்திரை வைத்த பதிவுத் தபால். யார் அனுப்பினார், எத்தனை மணிக்கு அனுப்பினார் என்றெல்லாம் சோதித்த பிறகுதான் வாங்கிக்கொள்ளும்.

மாலை ஆர்டரில் என்ன ராணுவ ரகசியம் என்று கேட்டேன். வாடிக்கையாளரின் விலாசமும் போன் நம்பரும் இருக்கிறதே என்றார் பிரபு. சாப்பாட்டு வேளையெல்லாம் இதே சண்டை. வழக்கம்போல அவரே ஜெயித்தார், பதிவுத் தபால்தான்.

முதல் ஆர்டரே எங்கள் வீட்டு விசேஷம். வலங்கைமானில் பயிர் வைக்கும் என் அப்பா சிங்காரவேலுவுக்கும் அம்மா மங்களாம்பிகைக்கும் அறுபதாம் கல்யாணம். முதல் கல்யாணத்தில் மாலை ஏற்றிய வண்டி மழையில் மாட்டிக்கொள்ள, கொல்லைச் செவ்வந்தியைக் கட்டிப் போட்டுத்தான் அம்மாவுக்குத் தாலி ஏறியது. இந்தத் தடவை ரோஜா மாலை வேண்டும் என்று வருஷமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கலசத் தண்ணீர் ஊற்றி, கூறைப்புடவை மாற்றி, மேடையில் உட்கார்ந்தாயிற்று. மாலையைக் காணோம். பஞ்சநதத்தைக் கூப்பிட்டால் ஆர்டரே வரவில்லை, இனிமேல் கட்டக் கால்மணி நேரமாவது ஆகும் என்கிறார். மனோகரனைக் கேட்டால், அனுப்பியதும் சிவப்பாக இங்கிலீஷில் என்னவோ வந்தது, மூடிவிட்டேன் என்கிறார். சுவர்க் கடிகாரத்தில் முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம்தான் பாக்கி.

"செவ்வந்தி கெடச்சாலும் போதும்டி" என்றாள் அம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பிரபுவை முறைத்தேன்.

அவர் மண்டபத்துக் கணினியைத் திறந்து சிவப்பு வரியைப் படித்தார். இன்னும் வராத நேரத்தில் எழுதிய கடிதத்தை ஏற்க முடியாது என்று பூக்கடைக் கணினி திருப்பி அனுப்பியிருந்தது. தன் போனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு மனோகரனைப் பார்த்தார்.

"இங்க எல்லாக் கடியாரமும் கால்மணி முந்திதாங்க ஓடும்" என்றார் மனோகரன் பெருமையாக. "புது கம்ப்யூட்டர்லயும் நானே மாத்தி வச்சேன். இல்லேன்னா ஒரு பார்ட்டியும் நேரத்துக்கு மேடை ஏற மாட்டாங்க."

அப்படியானால் முகூர்த்தம் முடிய இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. பிரபு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூக்கடைக்கு ஓடினார். மூச்சு வாங்கத் திரும்பியபோது கையில் ஈரம் சொட்டும் இரண்டு ரோஜா மாலைகள். அப்பா மாலை போட்டதும் அம்மா எல்லோர் முன்னாலும் அதை முகர்ந்து பார்த்தாள்.

பந்தியில், கணினியின் நேரத்தைச் சரியாக வைக்கும்படி மனோகரனிடம் பிரபு மெல்ல ஆரம்பித்தார். கழற்றாத மாலையோடு அம்மா எதிரே வந்து நின்றாள்.

"மாப்ள, வேற எதை வேணும்னாலும் மாத்திக்குங்க. அந்தக் கடியாரத்துல மட்டும் கை வைக்காதீங்க."

மாமியார் பேச்சைத் தட்ட அவருக்குத் தைரியம் கிடையாது. லேப்டாப்பை மடியில் வைத்து, பாயசம் ஆறுவதற்குள் சாதாரண பைண்டிங்குக்கு மாற்றிவிட்டார். விலாசம் வெளியே தெரியாதபடி அட்டையைப் பூட்டிய பையில் போட்டு அனுப்பும் ஏற்பாடு, நேரத்தைச் சோதிக்கவே சோதிக்காது. நான் முதலிலிருந்தே கேட்டது அந்தத் தபால் அட்டையைத்தான். இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.