ஒரு பெல்ட், இரண்டு இடுப்பு

ஏழாவது மாடியின் விளிம்பில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் தச்சனுக்கும் அவன் தங்கை புருஷனுக்கும் சேர்த்து ஒரே ஒரு சேஃப்டி பெல்ட். வேலைக்குச் சேர்ந்த அன்றே, "பெல்ட் உங்க செலவு. அது இல்லாம வெளிப்பக்கம் கால் வைக்கக் கூடாது" என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். விலையைக் கேட்டதும் இருவருக்கும் தலை சுற்றியது. ஆளுக்குப் பாதி போட்டு ஒன்று வாங்கினார்கள். ஒருவன் வெளியே தொங்கினால் மற்றவன் உள்ளே முட்டுக் கொடுப்பான். மதியத்துக்கு மேல் இடம் மாறுவார்கள். நாலு மாதம் இப்படியே வண்டி ஓடியது.

அன்று கான்கிரீட் லாரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. விளிம்பில் பாதிப் பலகைகூட அடித்தாகவில்லை. சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"ரெண்டு பேரும் வெளியில இறங்குங்க. அரை மணி நேரத்துல முடியணும்."

"பெல்ட் ஒண்ணுதான் சார் இருக்கு."

"ஒரு நாளைக்குப் பார்த்து இறங்குங்கய்யா. இடுப்புல ஒட்டியாணம் இருந்தாத்தான் வருவீங்களோ?"

மாப்பிள்ளை பெல்ட்டை அவிழ்க்கப் போனான். "நீங்க போட்டுக்குங்க மச்சான். எனக்குப் பழக்கம்தான்."

"எது, விழுந்து பழக்கமா?" தச்சன் அவன் இடுப்பில் கொக்கியை இறுக்கி மாட்டினான். "என் தங்கச்சி முகத்துல நான் முழிக்க வேணாமா மாப்ள?"

அதற்காக, தான் வெறும் இடுப்போடு இறங்கவும் அவன் தயாராக இல்லை. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, கம்பிக்கட்டின் மேல் உட்கார்ந்தான்.

"நாளையில இருந்து வேலை கிடையாது, தெரியுமில்ல?"

"சரி சார். இன்னிக்கு முழுசா வீடு போய்ச் சேர்றேன்."

லாரி டிரைவர் போனில் கத்தினான். கலவை இறுகினால் தான் பொறுப்பில்லையாம். சூப்பர்வைசருக்கு வியர்த்தது. அவர் இடுப்பில் கசங்காத புது பெல்ட் ஒன்று இருந்தது. தச்சன் அதையே பார்த்தான்.

"அது என்ன விலை சார்?"

"எனக்கென்ன தெரியும்? கம்பெனி குடுத்தது."

வாயை விட்டது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"விளிம்புக்கே வராத உங்களுக்குக் கம்பெனி குடுக்குது. தொங்குற நாங்க மட்டும் கைக்காசு போட்டு வாங்கணுமா?"

சூப்பர்வைசர் பெல்ட்டைக் கழற்றி நீட்டினார். இருவரும் வெளியே இறங்கினார்கள். அரை மணி நேரம் முக்கால் மணியானது. கான்கிரீட் ஏறியது.

சாயங்காலம் சூப்பர்வைசர் கையை நீட்டினார். தச்சன் மறுக்காமல் பெல்ட்டைக் கொடுத்தான்.

"நாளைக்கும் வெளியில ரெண்டு பேரா சார்?"

"ஆமாய்யா."

"அப்ப கம்பெனியை இன்னொண்ணு வாங்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் இதைக் கொண்டாங்க."