வடக்கு மாவட்டத்து விலாசம்

செப்டம்பர் இருபத்தாறாம் தேதி வந்த உறையை ஆர்லிஸ் டிவெய்ட் தபால்பெட்டியடியிலேயே நின்று பிரித்தாள். ஊரில் பாதிப்பேர் அதைப் பிரிப்பதே இல்லை. அறுபத்தைந்து தாண்டியவர் வீட்டுக்கு இலையுதிர்காலத்தில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பெயரைச் சொல்லிக்கொண்டு நாளைக்கு ஏழெட்டுக் காகிதம் வரும். சிரிக்கிற கிழவர், சிரிக்கிற கிழவி, அடியில் ஒரு இலவசத் தொலைபேசி எண். அந்தக் குப்பையோடு குப்பையாக, மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் கம்பெனி நடத்தும் திட்டத்தில் அடுத்த வருடம் என்னென்ன மாறுகிறது என்று சொல்லும் நிஜக் கடிதமும் போய்விடும். ஆர்லிஸ் அந்த ரகம் இல்லை. மாவட்டக் கருவூலத்தில் வண்டிப் பதிவுப் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து எழுந்தவள். இருபத்தெட்டுப் பக்கத்தையும் பென்சில் வைத்துக்கொண்டு படித்தாள்.

நிபுணரைப் பார்க்கும் கட்டணம் பத்து டாலர் கூடுகிறது. கண்ணாடிக்குக் கொடுப்பது குறைகிறது. இதெல்லாம் வருடாவருடம் நடப்பதுதான். பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: மருத்துவர்கள் பட்டியலில் மாற்றங்கள் உள்ளன, உங்கள் மருத்துவர் தொடர்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளவும். எந்த மருத்துவர் என்று இல்லை. ஆர்லிஸ் தொலைபேசியை எடுத்து, நாற்பது நிமிஷம் சங்கீதம் கேட்டு, ஒரு பெண்ணிடமிருந்து பதிலை வாங்கினாள். டாக்டர் ஓஸ்டர் வேலை செய்யும் மருத்துவமனையே ஜனவரி முதல் தேதியிலிருந்து பட்டியலில் இல்லை. அங்கே போனால் திட்டம் ஒரு காசு தராது.

டாக்டர் ஓஸ்டர் இல்லாமல் டெல்மர் இல்லை. ஆர்லிஸின் கணவன் டெல்மருக்கு நான்கு வருடமாகப் பார்க்கின்சன் நடுக்கம். மூளைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகள்; காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு பேட்டரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் ஓஸ்டர் அம்மாள் மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டுவாள், கொஞ்சம் குறைப்பாள். பிறகுதான் அவன் சட்டைப் பொத்தான் போடுவான், சூப்பைச் சிந்தாமல் குடிப்பான். பட்டியலில் மிஞ்சியிருந்த ஆட்களில் அந்த வேலை தெரிந்தவர் நூற்றெழுபது மைல் தள்ளி இருந்தார். ஜூன் வரை புது நோயாளிகளை எடுப்பதில்லை என்றார்கள்.

அன்று மாலை டெல்மரிடம் சொன்னாள். அவன் மக்காச்சோள விலை கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தான்.

"சரி, பழையபடி மெடிகேருக்கே போயிடலாமே, அதுல எந்த டாக்டரும் ஆகும். கூட மீதிச் செலவுக்கு அந்தத் துணை இன்சூரன்ஸும் வாங்கிக்கிட்டா போச்சு. முன்னாடி வச்சிருந்தோம்ல?"

ஆர்லிஸ் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். துணைக் காப்பீட்டை விட்டது அவள் முடிவு. ஆறு வருடத்துக்கு முன்பு, அதன் மாதத் தொகை ஏறிக்கொண்டே போனபோது, பல்லுக்கும் கண்ணுக்கும் சேர்த்து, மாதப் பணமே வாங்காத இந்தத் திட்டம் வந்தது. அப்போது டெல்மர் கதவு உயரத்துக்கு வைக்கோல் கட்டு தூக்குவான். "சும்மா குடுக்கிறான்னா எங்கேயோ கை வைப்பான் ஆர்லி," என்று சொன்னான். அவள்தான் கணக்குப் போட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள்.

மறுவாரம் நூலகத்துக்குப் போனாள். அக்டோபரிலும் நவம்பரிலும் அங்கே குழந்தைகள் புத்தக மூலையில், குட்டை மேசை ஒன்றின் முன்னால், வெண்டல் க்ராஸ் உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர். மெடிகேர் விவகாரத்தில் ஊர்க்காரர்களுக்கு இலவசமாக வழி சொல்ல மாநிலம் பயிற்சி கொடுத்த தொண்டர். முழங்கால் காதைத் தொட அந்தக் குட்டி நாற்காலியில் இருந்தபடியே கடிதத்தைப் படித்தார்.

"மெடிகேருக்குத் திரும்பறது சுலபம் ஆர்லிஸ். டிசம்பர் ஏழுக்குள்ள ஒரு போன் போதும். ஆனா அது நூத்துக்கு எண்பதுதான் குடுக்கும். மீதி இருபது உங்க தலையில. அதுக்கு உச்சவரம்பும் கிடையாது. டெல்மரோட பேட்டரிய மாத்தற வருஷம் வந்துதுன்னா வீட்ட வித்தாலும் பத்தாது."

"அதுக்குத்தான் துணை இன்சூரன்ஸ்."

"அங்கதான் சிக்கல். அறுபத்தஞ்சு வயசுல முதல் தடவை வாங்கறப்ப யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. ஒருதடவை விட்டுட்டு இவ்வளவு வருஷம் கழிச்சு வந்தா, கம்பெனிக்காரன் உடம்பப் பத்திக் கேக்கலாம். வேண்டாம்னும் சொல்லலாம். நம்ம மாநிலத்துல சட்டம் அப்படி."

"கையெழுத்துப் போட்டப்ப இத யாரும் சொல்லலையே."

"எங்கேயாவது ஒரு பக்கத்துல சொல்லியிருப்பாங்க," என்றார் வெண்டல். சொன்னதுமே வருத்தப்பட்டவர் போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டுப் பாருங்க. சில கம்பெனி கொஞ்சம் தாராளம்."

தாராளமான கம்பெனியின் பெண் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிட்டாள். விண்ணப்பதாரரே பேச வேண்டும், பேச்சு பதிவாகிறது என்றாள். டெல்மர் சமையலறை மேசையில் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்தான். எதிரில் ஆர்லிஸ்.

"புகை பிடிப்பீங்களா டெல்மர் சார்?"

"ராணுவத்தோட விட்டாச்சும்மா."

"புற்றுநோய்?"

"இல்ல."

"நடுக்கவாதம், பார்க்கின்சன், நரம்புத் தளர்ச்சி எதுக்காவது எப்பவாவது மருந்து எடுத்திருக்கீங்களா?"

டெல்மர் ஆர்லிஸைப் பார்த்தான். நாற்பத்தொன்பது வருட மணவாழ்க்கையில் அவனைப் பொய் சொல்லச் சொல்லி அவள் கேட்டதில்லை. இப்போது அவள் தலை, இல்லை என்று சொல்லச் சொல்வது போல, இடமும் வலமும் அசைந்தது. தான் அசைத்தது அசைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"இருக்கும்மா," என்றான் டெல்மர். "நாலு வருஷமா. தலைக்குள்ள கம்பிகூட இருக்கு. மழைக்காலத்துல உள்ளூர் ரேடியோ நல்லா எடுக்கும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மன்னிக்க வேண்டும், இதற்கு மேல் விண்ணப்பத்தைத் தொடர முடியாது என்றாள். இன்னும் இரண்டு கம்பெனிகள் அதையே வேறு குரலில் சொன்னன.

"தலைய ஆட்டினியே," என்றான் டெல்மர் அன்று சாப்பிடும்போது.

"ஆட்டினேன்."

"பின்னாடி கண்டுபிடிச்சா எல்லாத்தையும் பிடுங்கிடுவான்."

"தெரியும். உருளைக்கிழங்கு இன்னும் போடவா?"

நவம்பர் மூன்றாம் தேதி மறுபடி நூலகம். குட்டை மேசைக்கு முன்னால் ஏற்கெனவே பெவர்லி ஸ்டூமி உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தபால் நிலையத்துக்கு எதிர்வீட்டுக்காரி; இதயத்தில் இரண்டு ஸ்டென்ட், சர்க்கரை, இத்தனையும் போதாதென்று வாய். அவளுடைய திட்டத்தையே கம்பெனி இந்த மாவட்டத்தில் மூடுகிறதாம்.

"என்னத் தெருவுல விட்டுட்டானுங்க ஆர்லிஸ்! உனக்கென்ன, உன் திட்டம் கல்லு மாதிரி நிக்குது."

"பெவர்லி, அழறத நிறுத்து," என்றார் வெண்டல். "உனக்கு லாட்டரி விழுந்திருக்கு. திட்டம் உன்ன விட்டுட்டுப் போனா, துணை இன்சூரன்ஸ்காரன் உன்கிட்ட ஒரு கேள்வி கேக்கக் கூடாது. ஸ்டென்ட், சர்க்கரை எதுவா இருந்தாலும் எடுத்துத்தான் ஆகணும்."

பெவர்லி கைக்குட்டையை இறக்கினாள். "நிஜமாவா?"

ஆர்லிஸ் அவள் மடியில் கிடந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தியின் கெட்ட செய்தி மேல் இப்படி ஆசை வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"எங்க திட்டத்தையும் மூடச் சொல்லி எழுதிப் போடலாமா?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொரு வழி இருக்கு," என்றார் வெண்டல் மெதுவாக. "திட்டம் உங்கள விட்டுப் போகாட்டி, நீங்க அத விட்டுப் போகலாம். திட்டம் நடக்கிற எல்லைக்கு வெளியே குடி போனாலும் அதே உரிமைதான். கேள்வி கிடையாது." கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். திட்டம் நடக்கும் மாவட்டங்களின் பட்டியல். அவர்களுடைய மாவட்டம் இருந்தது. வடக்கே ஒன்பது மைலில் தொடங்கும் மாவட்டம் இல்லை.

"அவ்வளவுதானா?" பெவர்லி மேசையைத் தட்டினாள். "என் தங்கச்சி வீடு அங்கதான் இருக்கு. அவ விலாசத்தக் குடுடி. தபால் வந்தா நான் எடுத்துட்டு வர்றேன். முடிஞ்சுது கதை!"

ஆர்லிஸ் எழுந்துவிட்டாள். வரி குறைவு என்று பக்கத்து மாவட்டத்து மைத்துனன் விலாசத்தைக் கொடுத்து வண்டிக்குப் பதிவெண் வாங்க வந்தவர்களை, கருவூலத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ராத்திரி எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் அவள் கேட்கிற ஒரே கேள்வி. நேராகப் பார்த்துப் பதில் சொல்லாதவனுக்கு முத்திரை விழாது.

"நிஜமாவே குடி போனா?" என்று வெண்டலைக் கேட்டாள். "எத்தனை நாள் இருக்கணும்? எப்ப திரும்பலாம்?"

"துணை இன்சூரன்ஸ் ஒருதடவை கைக்கு வந்துட்டா, நீங்க எங்க திரும்பிப் போனாலும் போகாது. எத்தனை நாள்னு எந்தக் காகிதத்துலயும் இல்ல. நிஜமா குடியிருக்கணும், அவ்வளவுதான்."

"அது எத்தனை நாள்?"

"அத நீங்கதான் சொல்லணும் ஆர்லிஸ்."

அவள் ஒரு வருடம் என்று முடிவு செய்தாள். வாடகை ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. அதைவிடக் குறைவாக இருந்தால் அது விலாசம், வீடு இல்லை. டெல்மர் நிறைய வாதாடினான். நடக்கவே கஷ்டப்படும் கிழவனை வெளியேற்றுகிற வியாதி இது என்றான். நாய் வைத்துக்கொள்ளவிடாத கட்டடம் என்று தெரிந்ததும் இரண்டு நாள் பேசவில்லை. கிழட்டு நாயைப் பெவர்லி எடுத்துக்கொண்டாள். நவம்பர் பதினைந்தாம் தேதி, கட்டில்களில் ஒன்றையும் சாய்வு நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு, தானியக் கிடங்குக்கு எதிரே ஒரு படுக்கையறை உள்ள தரைத்தளக் குடியிருப்புக்குப் போனார்கள். சமையலறையில் ஒருவர் குனிந்தால் மற்றவர் வெளியே போக வேண்டும். ஆர்லிஸ் ஓட்டுநர் உரிமத்தை மாற்றினாள், வாக்காளர் பெயரை மாற்றினாள், சர்ச்சுக்குக்கூட அங்கேயே போனாள். துணைக் காப்பீட்டு விண்ணப்பத்தில் உடம்பைப் பற்றிய பக்கம் முழுவதும் வெறுமையாகப் போனது. டிசம்பர் பத்தாம் தேதி ஒப்புதல் வந்தது. மாதத் தொகை அவள் பயந்ததைவிட அதிகம், வருடாவருடம் ஏறும். இனி எவ்வளவு ஏறினாலும் அதை விட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை டாக்டர் ஓஸ்டர் மின்சாரத்தைச் சரி செய்தாள். வியாழக்கிழமை, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி போகும் என்று ரேடியோ சொன்னதால், குழாய் உறைந்துவிடாமல் பார்க்க இருவரும் பழைய வீட்டுக்குப் போனார்கள். ஆர்லிஸ் ஒவ்வொரு குழாயையும் சொட்டுச் சொட்டாக விழும்படி திறந்து வைத்தாள். கீழ்த்தளத்துக்குப் போய் வீட்டைச் சூடாக்கும் உலையைப் பார்த்தாள். மேலே வந்தபோது டெல்மர் மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, விரிப்பில்லாத மெத்தையில், பூட்ஸ் காலைத் தரையில் விட்டபடி படுத்திருந்தான். சாயங்காலம் நாலு மணி. ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"கிளம்பலாம் டெல். ரோடு வழுக்கும்."

"இன்னிக்கு ஒரு ராத்திரி இங்க இருந்துட்டுப் போலாம்."

"முடியாது."

"ஒரே ஒரு ராத்திரி ஆர்லி. யாரு எண்ணப் போறா?"

"நான் எண்ணுவேன்."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. "இன்னும் பத்து மாசம்."

"ஒன்பது மாசம், இருபத்திநாலு நாள்."

"மாவட்டச் சிறையில நல்ல நடத்தைக்குக் கொஞ்ச நாள் தள்ளுபடி குடுப்பான்."

ஆர்லிஸ் அவனுடைய மேலங்கியைத் தரையிலிருந்து எடுத்து, உதறி, கழுத்துப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் நின்றாள். சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. கடைசியில் டெல்மர் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து, அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டினான். கை நடுங்காமல் போய் மேலங்கியின் கையைத் தானே தேடிப் பிடித்தது. பொத்தான் ஐந்தையும் அவனே போட்டான். ஆர்லிஸ் விளக்கை அணைத்தாள்.