ஜேசுபாதம் ஐயாவின் ஜெபமும் ஜெப்ஸியின் பெருவிரலும்

ஜெப்ஸியின் வலது கால் பெருவிரல் ஒன்பது வருஷம் ஒரு குறையும் இல்லாமல் உழைத்த விரல். ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சோற்றுக்குக் கொஞ்சம் முன்னால், அது தொங்கிப்போனது. நிமிரச் சொன்னால் நிமிரவில்லை.

காரணம் ஒரு கிரேன். அவளுடைய அப்பா டேவிட்சன் துறைமுகத்தில் கண்டெய்னர் இறக்கும் கிரேன் ஓட்டுகிறவர். அதைப் பார்த்து அவளும் மில்லர்புரம் வீட்டு மாடிக் கைப்பிடியில் ஒன்று கட்டினாள். பழைய கிணற்றுக் கப்பி, துணி காயப்போடும் கயிறு, கயிற்று நுனியில் சரக்காக ஒரு பிஸ்கட் டின். டின் நிறையக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி. கீழே நின்று இழுத்தாள். சரக்கு முதல் மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிச்சு அவிழ்ந்தது. டின்னின் விளிம்பு நேராகப் பாதத்தின்மேல் இறங்கியது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த டேவிட்சன் கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, என்ன முடிச்சு போட்ட?"

"சடைக்கு ரிப்பன் கட்டுற முடிச்சுப்பா."

டேவிட்சன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிள்ளையின் காலைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்து எல்லாரும் தேற்றினார்கள்.

"நரம்பு அறுந்துட்டு" என்றுதான் தெருவெல்லாம் பேச்சு. அறுந்தது நரம்பு இல்லை, தசைநாண். பெருவிரலைத் தூக்கும் தசை விரலில் கிடையாது. அது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முன்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு வெள்ளை நாண் கீழே இறங்கி, கணுக்காலில் ஒரு பட்டைக்கு அடியில் நுழைந்து, பாதத்தின் மேலாக ஓடி, விரல் நுனி எலும்பைப் பிடித்துக்கொள்கிறது. டேவிட்சனுக்கு இது சொன்னவுடனே புரிந்துவிட்டது. அவருடைய கிரேனிலும் இழுக்கிற மோட்டார் ஓர் இடம், எழும்புகிற பெட்டி வேறு இடம், நடுவில் கயிறு. கயிறு போய்விட்டால் மோட்டார் எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் பெட்டி கிடந்த இடத்திலேயே கிடக்கும். நீங்கள் இப்போதே பெருவிரலை உயர்த்திப் பாருங்கள், பாதத்தின்மேல் கயிறு மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு வரும். அதுதான் அது.

டாக்டர் சண்முகப்ரியா அறுந்த இரண்டு நுனிகளையும் தேடிப்பிடித்துத் தைத்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு. கால் தரையில் படவே கூடாது.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்த அன்று அவரே அதற்கு நேரெதிராகச் சொன்னார். "இனிமே நடக்கணும். முதல்ல வாக்கரைப் பிடிச்சு, அப்புறம் சும்மா. விரலைத் தூக்கித் தூக்கி நடக்கணும்."

இதற்கும் அவர் காரணம் சொன்னார். புதிதாகப் பெயிண்ட் அடித்த ஜன்னலைத் திறக்காமலே விட்டால் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும் இல்லையா? ஆறிவரும் நாணும் அப்படித்தான். அசைந்துகொண்டே இருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். சும்மா வைத்தால் பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும்.

"ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை வரணும். இந்த ரூமுல நடந்து காட்டணும், விரல் நிமிரணும். ஒட்டிப்போச்சுன்னா இன்னொரு ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர்.

இன்னொரு ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் ஜெப்ஸி வாக்கரை எட்டிப் பிடித்தாள். அன்றைக்கே நடக்க அவள் தயாராக இருந்தாள். நடக்க விடுவதற்குத்தான் ஆள் இல்லை.

பகலெல்லாம் வீட்டில் ஆட்சி டேவிட்சனின் அக்கா ஜெயஷீலாவுடையது. நாசரேத் ஊரில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவர், தம்பி மகளைப் பார்த்துக்கொள்ளப் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார். 'கால் தரையில் படக்கூடாது' என்ற முதல் உத்தரவு அவர் மனசில் கல்வெட்டாகப் பதிந்துவிட்டது. இரண்டாவது உத்தரவுக்கு அதில் இடம் இல்லை.

"முந்தி வைக்காதேன்னா. இப்ப வைன்னு சொல்லுதா. ஒரு வாயில ரெண்டு பேச்சு. அந்த டாக்டர் பிள்ளைக்கே இன்னும் கல்யாணம் ஆகலை, அவளுக்கு என்ன தெரியும்?"

ஜெப்ஸியின் அம்மா ஈவாஞ்சலின் தபால் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பும்போது தினமும் சொல்வாள். "மதினி, பிள்ளைய நடக்க விடுங்க."

"ஆட்டும்ளா, ஆட்டும்" என்று தலையாட்டுவார் அத்தை. கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் ஜெப்ஸியின் காலைத் தூக்கி இரண்டு தலையணைமேல் வைத்து, துண்டால் சுற்றி, அது அவிழாமல் ஒரு குத்தூசியும் குத்திவிடுவார். டேவிட்சனிடம் முறையிட்டுப் பயன் இல்லை. நாற்பது டன் பெட்டியை இரண்டு விரலால் நகர்த்துகிறவருக்கு அக்காவை அரை அங்குலம் நகர்த்த முடியாது.

சாயங்காலம் அம்மா வந்து நடக்க வைக்கலாம் என்றால், அதற்குள் பிள்ளையைப் பார்க்க ஆட்கள் வந்துவிடுவார்கள். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம், சாத்தான்குளம் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுப் பொன்செல்வி அக்கா. எல்லாரும் ஹார்லிக்ஸ் கொண்டுவருவார்கள், காலைப் பார்ப்பார்கள், "வலிக்குதாட்டி?" என்பார்கள், கடைசியில் ஜெபம் பண்ணுவார்கள்.

மூன்றாம் நாள் ஜெபத்தில்தான் ஜெப்ஸி ஒரு உண்மையைக் கண்டுபிடித்தாள். ஜெப நேரத்தில் வீட்டில் ஒருவருக்கும் கண் தெரியாது. அதிலும் அத்தை முழங்கால் போட்டு, சேலைத் தலைப்பால் முக்காடு இட்டு, முகத்தை நாற்காலிக்குள் புதைத்துக்கொள்வார். குதிரைக்குக் கண்பட்டை கட்டினால்கூட அதற்கு இதைவிட அதிகம் தெரியும்.

குத்தூசியைக் கழற்றினாள். வாக்கர் எடுத்தால் தரையில் 'டக் டக்' என்று காட்டிக்கொடுக்கும். அதனால் சுவரைப் பிடித்தாள். குதிகால், பாதம், விரலைத் தூக்கு. குதிகால், பாதம், விரலைத் தூக்கு. நான்கு அடி போவதற்குள் "ஆமென்" நெருங்கிவிட்டது. திரும்பி வந்து படுத்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. "ஜெபத்துல பிள்ளைக்கு எப்படி வேர்த்திருக்கு பாருங்க!" என்று பொன்செல்வி அக்கா நெகிழ்ந்துபோனாள்.

ஒரு வாரத்தில் யார் ஜெபம் எவ்வளவு நீளும் என்று அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. பொன்செல்வி அக்கா இரண்டு நிமிஷம், ஜன்னல் வரைக்கும்தான் போகலாம். சங்கத்துப் பெண்கள் ஐந்து. பெரிய ஜெபம் ஜேசுபாதம் ஐயாவுடையது. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைக்கே மூத்தவர். அவர் ஜெபம் உலகத்தைப் படைத்ததில் தொடங்கும். பிறகு மழை, அரசாங்கம், கடலுக்குப் போனவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள். பதினான்கு நிமிஷம் கழித்துத்தான் ஜெப்ஸியின் கால் வரும். "கடைசியாக" என்று சொன்னால் இன்னும் நான்கு நிமிஷம் பாக்கி. "ஜீவனுள்ள நல்ல பிதாவே" என்றால்தான் ஆபத்து, கட்டிலுக்கு ஓடிவிட வேண்டும். அவர் வந்தால் சமையலறை பிரிட்ஜைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம், அதுவும் இரண்டு தடவை. சுவரை விட்டும் நடக்கப் பழகிவிட்டாள். விரல் இன்னும் முழுசாக நிமிரவில்லை, முக்கால்வாசிதான்.

புதன்கிழமை ஐயா வந்தார். ஜெப்ஸி பிரிட்ஜை நோக்கிக் கிளம்பினாள். ஆனால் ஐயாவின் வாயில் அன்றைக்குப் புதுப் பல்செட். மழைக்காக ஜெபிக்கும்போதே அது நழுவ ஆரம்பித்தது. நாக்கால் முட்டுக் கொடுத்துப் பார்த்தார், முடியவில்லை. அரசாங்கத்தையும் கடலையும் அப்படியே விட்டுவிட்டு ஒரே தாவலாக ஆமெனுக்கு வந்துவிட்டார்.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். பிரிட்ஜ் பக்கத்தில், வாக்கர் இல்லாமல், ஜெப்ஸி நின்றாள்.



"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்றார் ஐயா, பல்லைக் கையால் பிடித்துக்கொண்டே.

அத்தை குலுங்கிக் குலுங்கி அழுதார். அரை மணி நேரத்தில் நாசரேத்துக்குச் செய்தி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெப்ஸி எழுந்து நின்று, ஜெபத்தால் சுகமானதைச் சாட்சியாகச் சொல்வதென்றும் முடிவாயிற்று. ஜெப்ஸி வாயைத் திறக்கவில்லை. இனிமேல் பகிரங்கமாக நடக்கலாமே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

சாயங்காலம் ஈவாஞ்சலினுக்கும் சந்தோஷம். "நாளை மறுநாள் எனக்கு லீவு இல்லை மதினி. நீங்களே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்திருங்க."

"ஆட்டும்ளா, ஆட்டும்."

வியாழக்கிழமை அத்தை போனில் ஆட்டோக்காரரிடம், "நாளைக்கு வரவேண்டாம். கர்த்தரே சுகமாக்கியாச்சு, டாக்டருக்கு அங்கன என்ன வேலை?" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஜெப்ஸிக்குத் தூக்கிவாரிப்போட்டது. விரல் இன்னும் கால்வாசி நிமிரவில்லையே. அந்தக் கால்வாசியில்தான் ஒட்டியிருக்கிறதோ என்னவோ, யார் கண்டது? ஐயாவும் சாட்சியை நான்கு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, அது அப்படி இல்லை" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். குத்தூசி, சுவர், பிரிட்ஜ், பத்து நாள்.

அத்தையின் முகம் சிவந்தது. நடந்ததற்காகத் திட்டு விழும் என்று ஜெப்ஸி தோளைக் குறுக்கினாள்.

"ஏளா! ஜெபத்துல கண்ணைத் தொறந்தியா?"

"மூடிக்கிட்டு நடந்தா விழுந்திருவேன்ல அத்தை."

ஐயாவே இதற்குப் பதில் சொல்லட்டும் என்று அத்தை அவரைப் பார்த்தார். ஐயா நான்கு பக்கத்தையும் மெதுவாக மடித்தார். அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"ஏட்டி, மத்தவங்க ஜெபத்துல எதுவரைக்கும் போவ?" என்று கேட்டார்.

"பொன்செல்வி அக்காவுக்கு ஜன்னல். சங்கத்துக்கு அடுக்களை வாசல்."

"எனக்கு?"

"பிரிட்ஜுக்கு ரெண்டு தடவை ஐயா. உங்க ஜெபம் இல்லைன்னா இவ்வளவு பழகியிருக்க மாட்டேன்."

ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் ஜெபம் நீளம்னு சபையில ஒரு பேச்சு இருக்கு, தெரியும்லா ஜெயஷீலா?"

"அப்படியெல்லாம் யாரும்..." என்று அத்தை இழுத்தார்.

"நீயே சொல்லியிருக்க. பிள்ளை என் ஜெபத்தாலதான் நடந்தா. இதுல பொய் எங்க இருக்கு? சாட்சி அப்படியே இருக்கட்டும், ரெண்டு வரி மட்டும் மாத்திக்கிடுதேன். நாளைக்கு அந்த டாக்டரம்மாட்ட கூட்டிட்டுப் போ. விரலை முழுசா நிமித்த என்ன செய்யணும்னு கேட்டுட்டு வா."

மூத்தவர் சொன்ன பிறகு மறுபேச்சு இல்லை. அத்தை ஆட்டோக்காரருக்கு மறுபடியும் போன் போட்டார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் அறையில் ஜெப்ஸி கதவிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து கதவுக்கும் நடந்தாள். அத்தை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கால் நடப்பதை அவர் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. டாக்டர் குனிந்து, பாதத்தின்மேல் விரலை வைத்து, "தூக்கு" என்றார். நாண் புடைத்துக்கொண்டு அவர் விரலுக்கடியில் வழுக்கி ஓடியது.

"ஒட்டலை. ஆபரேஷன் வேண்டாம். பாக்கியும் ஒரு மாசத்துல வந்திரும், நடையை மட்டும் விடக்கூடாது. பெயிண்ட் அடிச்ச ஜன்னல் மாதிரி, சும்மா விட்டா ஒட்டிக்கிடும். நிறைய வீட்டுல வலிக்கும்னு பிள்ளையப் படுக்க வச்சிருதாங்க. உங்க வீட்டுல யாரு நடக்க வச்சது?"

ஜெப்ஸி அத்தையைப் பார்த்தாள். அத்தை ஜன்னலைப் பார்த்தார். 

"நான்தான் பிள்ளையோட பகல் பூரா இருக்கேன்" என்றார்.

பொய்யில்லைதான்.

வெளியே வராந்தாவில் ஒரு அம்மா மாவுக்கட்டுப் பிரித்த மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள். அத்தை நேராக அங்கே போனார். "ஏளா, என்ன பழக்கம் இது? பிள்ளையக் கீழ இறக்கு. பெயிண்ட் அடிச்ச ஜன்னலைப் பாத்திருக்கியா?" என்று ஆரம்பித்தார். முப்பது வருஷம் பாடம் நடத்திய குரல். இப்போதைக்கு முடிகிற மாதிரி இல்லை. ஜெப்ஸி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு குதிகால், பாதம், விரலைத் தூக்கு என்று வராந்தாவின் மறுகோடியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.