மூச்சு வாங்காத பெட்டி

இரண்டு தோள்பட்டையும் கழன்று விழுவது போல வலித்தது அவளுக்கு. பெட்டி அசைந்த பாடில்லை.

"தூக்குடா."

"தூக்கிட்டுதான் இருக்கேன். உன் பக்கந்தான் கெடக்குது," என்றான் தம்பி.

மரம் அறுக்கும் மில்லில் மிஞ்சிய பலகைகளைச் சுமந்து வந்து அப்பா செய்த ஸ்பீக்கர் பெட்டி. பாட்டோடு சேர்ந்து மரம் அதிரக்கூடாது என்று இரட்டைப் பலகைக்கு நடுவே மணலைக் கொட்டி அடைத்திருந்தார். முன்னறையில் அப்படி இரண்டு நின்றன. எதிரே கட்டிலில், விடியற்காலை செத்துப்போன அப்பா கிடந்தார். பார்க்க வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டும்.

"இந்த மனுஷன் செத்தும் நம்ம முதுக ஒடிக்கிறார் பாரு."

தம்பி சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. மரத்தூள் தின்ற அப்பாவின் நுரையீரல் மாதக்கணக்கில் ராத்திரி முழுக்க ரம்பம் போல இழுத்துக்கொண்டிருந்தது. இன்று அது நின்றது. அவள் செய்த முதல் காரியம், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியதுதான். அதற்கு வெட்கப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

ஆனால் நேற்று செய்த காரியம் உறுத்திக்கொண்டே இருந்தது.

மாடி வீட்டுக்காரர் கிளாரினெட் வாசிப்பவர். அவர் வாசிப்பை இதே அறையில் பதிவு செய்து வைத்திருந்தார் அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டிகளை மறைத்துக் குறுக்கே போர்வையைக் கட்டுவார். பின்னால் ஒருதரம் மாடிக்காரர் வாசிப்பார், ஒருதரம் பெட்டி வாசிக்கும். எது ஆள், எது பெட்டி என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். அப்பா மனம் குளிரட்டும் என்று தம்பி பெட்டியையே ஆள் என்பான்.

"காதாடா அது? கப்புக்குப் பிடி வெச்ச மாதிரி ஒட்டி வெச்சிருக்கான்," என்பார் அப்பா. "பெட்டியில கிளாரினெட் கட்டையோட சத்தம் வந்துருச்சு. விரல் தட்டுறதுகூட வந்துருச்சு. மூச்சு மட்டும் வரமாட்டேங்குது."

நேற்று சாயங்காலம் பாட்டைப் போடச் சொன்னார். ஆம்ப்ளிஃபயர் புகைந்து, தீய்ந்த நாற்றத்தோடு அடங்கியது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மாடிக்கு ஓடினாள். போர்வையைக் கட்டி, மாடிக்காரரை அதன் பின்னால் நிறுத்தி, பெட்டி பாடுவதுபோல வாசிக்கச் சொன்னாள். முடிந்ததும் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டாள். காதே கதி என்று இருந்த மனிதரைக் கடைசி நாளில் காதிலேயே ஏமாற்றியாகிவிட்டது.

பெட்டி ஒருவழியாகச் சுவரோரம் போய்ச் சேர்ந்தது. அதன்மேலேயே இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, மாடிக்காரருக்கு டீ குடுத்தியா?"

"அடுப்பையே பத்த வெக்கல, டீயாம்."

"இன்னிக்கு இல்ல. நேத்து. அப்பா சொன்னாரே."

"என்ன சொன்னார்?"

"நீ போர்வைக்குப் பின்னாடி நின்னே. பாதிப் பாட்டுல என்னைக் கிட்ட கூப்பிட்டார். 'பெட்டி மூச்சு வாங்காதுடா. இது படியிறங்கி ஓடி வந்த மூச்சு. அந்தாளுக்கு ஒரு டீ போட்டுக் குடுக்கச் சொல்லு'ன்னார். அப்புறம் கண்ண மூடிக் கேட்டுட்டே இருந்தார்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"டீதானே. நீயே குடுத்திருப்பேன்னு நெனச்சேன்."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் விட்ட பெருமூச்சு தம்பியைத் திரும்பிப் பார்க்கவைத்தது.

மாடிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மற்றப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"அவருக்குத் தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது."

"பெட்டிய விட நல்லா வாசிச்சேனாமா?"

"அத மட்டும் சொல்லல."

அவர் தலையை ஆட்டி, வாய்க்குள் சிரித்துக்கொண்டார்.

அவள் சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரை ஏற்றினாள். பால் பாத்திரத்தைத் திறந்தாள். பால் தீர்ந்து, அடியில் ஆடை மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது. அடுப்பை அணைத்தாள்.

மாடிக்காரருக்கு ஒரு டீ பாக்கி.