கீழே ஈரமில்லை

அத்தான் அவளுக்கு வைத்த பெயர் கரண்டு. இருபது வருடம் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் போதும் என்று எழுந்து வந்து, மின்சாமான் பழுதுபார்க்க உட்கார்ந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அக்காவுக்கு அந்தப் பெயரும் பிடிக்கவில்லை, தொழிலும் பிடிக்கவில்லை. தங்கை சரிசெய்து கொடுத்த இஸ்திரிப்பெட்டி ஒருமுறை பட்டென்று வெடித்து வீட்டையே இருட்டாக்கியது. அதிலிருந்து அவள் தொட்ட எதையும் அக்கா ஒரு வாரம் எட்ட நின்றுதான் பார்ப்பாள்.

அத்தான் புத்தகம் பைண்டிங் செய்பவர். மேலே கடை, பதினெட்டுப் படி இறங்கினால் நிலவறை. அந்த மாதம் பதிவு அலுவலகத்திலிருந்து பழைய பிறப்புப் பதிவேடுகள் மறுபடி பைண்டிங் செய்ய வந்திருந்தன. நகல் கிடையாது. ஊரில் பாதிப் பேர் பிறந்தார்கள் என்பதற்கே அந்தக் காகிதம்தான் சாட்சி. கடையில் திரும்பக்கூட இடமில்லாததால் அவற்றை நிலவறை அலமாரியில் அடுக்கியிருந்தார்கள்.

நிலவறையோ மழை வந்தால் கசியும். வானம் லேசாக இருண்டாலே அக்காவுக்கு இருப்புக்கொள்ளாது. அரை மணிக்கு ஒருதரம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்குவாள். சுவரோரம் தடவிப் பார்ப்பாள். முக்கி முனகி ஏறி வருவாள். முழங்கால் இரண்டும் கெட்டுப்போய் வருடங்கள் ஆயிற்று. அத்தான் போகிறேன் என்றாலும் விடமாட்டாள். அவர் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிற மனிதர்.

இதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் தங்கை அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். உள்ளங்கை அகல மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று, அதிலிருந்து தரையைத் தொடுகிற இரண்டு கம்பி முனை. முனையில் தண்ணீர் பட்டால் போர்டு புளூடூத் வழியாக மேலே கடைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். காய்ந்திருந்தால் திரையில் பச்சை, நனைந்தால் சிவப்பு. சுவரைத் துளைக்க வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம்.

எதைச் செய்தாலும் ஜோடியாகச் செய்வது அவள் வழக்கம். ஒன்று பொருத்துவதற்கு, இன்னொன்று பரிசோதிப்பதற்கு. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே ரகசிய எண். முதலில் பரிசோதனைப் போர்டைக் கடை மேஜையில் வைத்துக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்த்தாள். பச்சை வந்தது. மற்றதைக் கீழே கொண்டுபோய்ச் சுவரோரம் இடுப்பு உயரத்தில் பொருத்திவிட்டு ஏறி வந்தாள். அப்போதும் பச்சை. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மாலையில் அவள் வீட்டுக்குப் போன பத்தாம் நிமிடம் அத்தான் போன் செய்தார். இணைப்பு அறுந்துவிட்டதாம். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் வந்து உட்கார்ந்ததும் திரை தானாகப் பச்சையானது. மறுநாளும் அதே கதை. அவள் இருந்தால் பேசும், கிளம்பினால் வாயை மூடிக்கொள்ளும். எல்லாம் கைராசி என்றார் அத்தான். இந்தப் பெட்டிக்கு மைத்துனிமேல் தனிப் பாசம் என்று கேலி செய்தார். அவள் சுவரின் தடிமனைக் குறை சொன்னாள், இரும்பு அலமாரியைக் குறை சொன்னாள். சரியாகும்வரை கடையிலேயே இருந்துவிடுவதாகச் சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையிலேயே மழை கொட்டியது. அக்கா வழக்கம்போல் எழுந்தாள். தங்கை திரையைக் காட்டினாள்.

"பச்சையாத்தான்கா இருக்கு. உக்காரு."

அக்கா திரையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தே விட்டாள். மழை பெய்யும்போது அக்கா உட்கார்ந்திருப்பதை அந்தக் கடை பார்த்ததே இல்லை. தங்கைக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பசை எடுக்கக் கீழே போன அத்தான், அங்கிருந்தே மனைவியைக் கூப்பிட்டார். அவர் குரலே சரியில்லை. நிலவறையில் கணுக்கால் அளவு தண்ணீர். அடித்தட்டுப் பதிவேடுகளுக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரல்கூட இல்லை. மேலே திரை இன்னும் பச்சையாகவே இருந்தது.

மூன்று பேரும் பதிவேடுகளைச் சுமந்தார்கள். அக்கா அந்த முழங்காலோடு எத்தனை முறை ஏறி இறங்கினாள் என்று தங்கை எண்ணவில்லை, எண்ணத் தைரியமில்லை. ஒரு தாள்கூட நனையவில்லை. தண்ணீர் இவ்வளவு வேகமாக வந்தால் பாவம் மிஷின்தான் என்ன செய்யும் என்று அத்தான் சமாதானம் சொன்னார். அக்கா திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அதுதான் சுட்டது.

மழை விட்டதும் அவர்கள் கீழே தண்ணீரை வாரிக்கொண்டிருக்க, தங்கை மட்டும் மேலே பையைத் திறந்து ஸ்குரூ டிரைவரைத் தேடினாள். பைக்குள் ஒரு சின்ன விளக்கு மினுக்கியது. பரிசோதனைப் போர்டு. பவர் பேங்கைக் கழற்றாமல் அப்படியே போட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் முதலில் பழகியது இதனோடுதான்; பெயர் ஒன்றானாலும் பழகிய போர்டைத்தான் அது தேடும். மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருந்ததும் இதனோடுதான். அவள் பையோடு கிளம்பினால் இணைப்பு அறும், பையோடு வந்தால் சேரும். கீழே இருந்த போர்டை யாரும் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை.

பவர் பேங்கைக் கழற்றிவிட்டு, கீழே உள்ளதை இணைத்துவிட்டு, சரிசெய்துவிட்டேன் என்று சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அத்தான் பாராட்டக்கூடச் செய்வார். அவள் வயரைப் பிடுங்கக் கை வைத்தாள். பிறகு போர்டை அப்படியே எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"அக்கா, தப்பு மிஷின் மேல இல்ல. என் மேல. கம்ப்யூட்டர் இதோடதான் பேசிட்டு இருந்திருக்கு. இது என் பைக்குள்ள இருந்துச்சு."

அக்கா துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்தாள். போர்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ மூணு நாளா உன் பை நனையலன்னுதான் நாங்க நிம்மதியா இருந்தோமா?"

அத்தான்தான் முதலில் சிரித்தார். அக்கா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கைக்கு அழுகைதான் வந்தது.

போய் அதைச் சரியாகப் பொருத்திவிட்டு வா என்றாள் அக்கா. தங்கை பழைய இணைப்பை அழித்து, கீழ்ப் போர்டுக்கு வேறு பெயர் கொடுத்து, புதிதாக இணைத்தாள். கம்பி முனையைத் துடைத்துக் காய்ந்த தரைக்கு நகர்த்தினாள். பச்சை வந்தது.

அக்கா ஒரு டம்ளர் தண்ணீரோடு, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கிப் போனாள். கம்பி முனையில் ஊற்றினாள். மேலேயிருந்து அத்தான் சிவப்பு என்றார். துணியால் துடைத்தாள். பச்சை என்றார். மறுபடியும் ஊற்றினாள், மறுபடியும் துடைத்தாள்.

"இத முதல் நாளே செஞ்சிருக்கணும். நீயும் செய்யல, நானும் கேக்கல," என்றாள், ஏறி வந்து மூச்சு வாங்கியபடி.

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் முக்காலிமேல் நீட்டிக்கொண்டாள். நான்கு மணிக்கு மழை மறுபடி பிடித்தது. தங்கைக்குத் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அக்கா எழுந்திருக்கவில்லை.