டெஸ்பாட்ச் நம்பர் 2714

தட்சிணாமூர்த்திக்குப் பதினோரு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்து ஜன்னலுக்குப் போகத் தோன்றியது. ஜன்னலுக்குப் போனால், வீட்டுக்கு இந்நேரம் பார்சல் வந்திருக்குமோ என்று மனசு சரோஜினி நகருக்கு ஓடியது. வீட்டில் இருந்தாலோ இன்னும் மோசம். குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "யாருமில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருவார்.

வர வேண்டியது ஒரு கலர் டெலிவிஷன். எண்பத்திரண்டாம் வருஷம் ஜூன் மாதம் அது. நவம்பரில் ஆசிய விளையாட்டு வருகிறது, கலரில் காட்டப் போகிறார்கள் என்று தில்லி முழுக்க ஒரே பேச்சு. அமைச்சகத்தின் டெஸ்பாட்ச் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாகக் கடிதங்களுக்கு நம்பர் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு குமாஸ்தாவுக்கு அது எட்டாத சமாச்சாரம். ஆனால் இவருக்கு அது பரிசாகவே விழுந்துவிட்டது.

வாரப் பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் ஒன்பது கட்டம் போட்டிருந்தது. எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினைந்து வர வேண்டும், சரியாகப் போட்டவர்களுக்குப் பரிசு என்று ரூபலஹரி டிரேடிங் கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. சின்னப் பிள்ளைகூட போட்டுவிடும் கணக்கு. தட்சிணாமூர்த்தி டீ ஆறுவதற்குள் போட்டு முடித்து, தனக்குக் கணக்கு மறக்கவில்லை என்று மனைவி காமாக்ஷியிடம் பீற்றிக்கொண்டார். கூட்டல் தெரிந்தவனுக்கெல்லாம் டெலிவிஷன் கொடுத்தால் அந்தக் கம்பெனி என்னத்துக்கு ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்தான்.

பதில் வந்தது. அந்தப் பதில்தான் மனுஷனைக் கவிழ்த்தது. தாளின் தலையில் குறிப்பு எண், தேதி. நடுவில் கோடு போட்டுப் பொருள். 'தாங்கள் வெற்றி பெற்றமையைத் தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன்' என்று அர்த்தம் வரும் சுத்தமான ஆபீஸ் இங்கிலீஷ். கீழே கையெழுத்து, நீல மையில் வட்ட ரப்பர் ஸ்டாம்ப். வேறு யாராவதாக இருந்தால், ஏனப்பா, விலாசம் என்று வெறும் தபால் பெட்டி எண்ணைக் கொடுத்திருக்கிறாயே, உன் கடை எங்கே இருக்கிறது, உள்ளூர்தானே, நானே நேரில் வருகிறேன் என்று கேட்டிருப்பார்கள். இவரோ வாக்கியத்தைப் பார்த்தார், ஸ்டாம்பைப் பார்த்தார், சொக்கிப் போனார். இத்தனை ஒழுங்காகக் கடிதம் எழுதுகிறவன் ஏமாற்றுவான் என்று அவருடைய இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

பேக்கிங், இன்ஷூரன்ஸ், வரி எல்லாம் சேர்த்து இருநூற்று நாற்பத்தைந்து ரூபாயை மணியார்டரில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பினார். பஞ்சப்படி அரியர்ஸ் வந்த பணம் அது. அரியர்ஸ் இன்னும் சாங்ஷன் ஆகவில்லை என்று காமாக்ஷியிடம் வாய் கூசாமல் சொன்னார். பெட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை.

ஆனால் ரகசியத்தை முழுசாக வயிற்றில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஆபீஸ் சைக்கிள் ஸ்டாண்டில் மாசிலாமணியிடம் சொல்லிவிட்டார். மாசிலாமணி சேலத்துப் பக்கத்து ஆள். தில்லிக்குக் கட்டட வேலைக்கு வந்து, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு பிசகி, தட்சிணாமூர்த்தி யாரையோ பிடித்துச் சொன்னதன் பேரில் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் வேலையில் உட்கார்ந்தவன். அவன் மனைவி பொன்னம்மாள் சரோஜினி நகரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். தட்சிணாமூர்த்தியின் வீடும் அதில் ஒன்று. 'எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க சார்' என்று அவன் கேட்டதும், இவர் டிபன் வேளையில் ஒன்பது கட்டத்தையும் நிரப்பி, அவன் பெயரை எழுதி, தன் செலவிலேயே ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டார். தர்மப்பிரபு.

சனிக்கிழமை காலை, சைக்கிளை நிறுத்தும்போதே மாசிலாமணி ஒரு கவரை நீட்டினான்.

"வந்திருச்சு சார். எனக்கும் வந்திருச்சு."

தட்சிணாமூர்த்தி பிரித்துப் படித்தார். அதே வாக்கியம், அதே ஸ்டாம்ப்.

"அச்சா! உனக்கும் அடிச்சுடுத்துடா!"

"நெசந்தானுங்களே?"

"எல்லாம் பக்காவா இருக்கு. இன்னிக்கே கட்டிடு."

"வீட்டுல தகரம் வாங்க வெச்சிருக்கிற பணம் சார். கூரை முச்சூடும் ஓட்டை. மழைக்குள்ள மாத்தணும்னு பொன்னு ஒரு வருசமா சேத்தது. அந்தப் பெட்டிய வித்தா கூரையும் போட்டுறலாம், மீதியும் நிக்கும்னு சொன்னேன். சார் சொன்னா சரின்னுடுச்சு."

சார் சொன்னார். மணியார்டர் பாரத்தையும் சைக்கிள் சீட்டின் மேல் வைத்துத் தானே நிரப்பிக் கொடுத்தார். மணி பத்தடிக்கப் போகிறது, லேட் மார்க் விழும் என்ற பரபரப்பில் பாரத்தை அவன் கையில் திணித்துவிட்டு, அவனுடைய கடிதத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

பதினொன்றரை மணி. டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் அன்றைய தபாலுக்கு வரிசையாக நம்பர் போட்டுக்கொண்டிருந்தவர், பேனாவைத் துடைக்கக் காகிதம் தேடிப் பையில் கைவிட்டார். மாசிலாமணியின் கடிதம் வந்தது. கண் பழக்க தோஷத்தில் மேலே இருந்த நம்பரில் போய் நின்றது. 2714.

எங்கோ பார்த்த நம்பராக இருந்தது. டிராயரைத் திறந்து, வெற்றிலைப் பொட்டலம் மாதிரி மடித்து வைத்திருந்த தன்னுடைய கடிதத்தை எடுத்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டார். அதிலும் 2714.

இரண்டு கடிதத்துக்கும் நடுவில் இரண்டு வார இடைவெளி. பெயர் வேறு, விலாசம் வேறு. நம்பர் ஒன்று.

பைல் நம்பராக இருக்குமோ என்று பார்த்தார். இல்லை. குறிப்பு எண்ணின் கடைசியில், கடிதத்துக்குக் கடிதம் மாற வேண்டிய இடத்தில்தான் இருந்தது. டைப் அடித்தவன் தவறோ? ஒருவேளை இரண்டு ரிஜிஸ்டர் வைத்திருப்பார்களோ? வக்கீல் மாதிரி தனக்குத்தானே வாதாடிப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. ஒரு ஆபீஸிலிருந்து ஒரு நம்பரில் ஒரு கடிதம்தான் வெளியே போகும். அதை மாற்றிப் போட்டதற்காக ஒரு தடவை அவரே மெமோ வாங்கியிருக்கிறார். அங்கே ரிஜிஸ்டரே கிடையாது. ஆபீஸே கிடையாது. எவனோ ஒருவன் ஒரே கடிதத்தைக் கட்டுக் கட்டாக அச்சடித்து, பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

பணம் போய்விட்டது. காமாக்ஷியிடம் சொன்ன பொய் மட்டும் மிச்சம்.

உடனே கிளம்பினார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கிளம்பவில்லை. தண்ணீர் குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி தண்ணீர் குடித்தார். மாசிலாமணியிடம் சொன்னால் அது பொன்னம்மாளுக்குப் போகும். பொன்னம்மாளுக்குத் தெரிந்தால் சாயங்காலம் பாத்திரத்தோடு பாத்திரமாகக் காமாக்ஷியின் காதில் விழும். சொல்லாமல் இருந்தால்? அவனும் பத்து நாள் காத்திருப்பான், பிறகு இருவருமாகச் சேர்ந்து கம்பெனியைத் திட்டலாம். யார் யாரைக் குறை சொல்ல முடியும்? இப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. அப்படியும் மணி பன்னிரண்டேகால் ஆகிவிட்டது. சனிக்கிழமை மணியார்டர் கவுண்ட்டரை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள்.

"என்ன ஓய், பாத்ரூமுக்கும் மேஜைக்குமா நடந்துண்டே இருக்கீர்?" என்றார் செக்ஷன் ஆபீசர் சேஷன். "அந்த அர்ஜெண்ட் தபால் போயாச்சா?"

"இதோ வந்துடறேன் சார்" என்று தட்சிணாமூர்த்தி வாசலைப் பார்த்து நடந்தார். பாதிப் படியில் நடை ஓட்டமாகிவிட்டது.

ஸ்டாண்டில் மாசிலாமணி இல்லை. அவன் ஸ்டூலில் பொன்னம்மாள் டோக்கன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவரு தபாலாபீசுக்குப் போயி ரொம்ப நேரமாச்சுங்களே. நீங்கதான் இன்னிக்கே கட்டச் சொன்னீங்களாமே?"

"ஆமாம். நான்தான் சொன்னேன்" என்று சைக்கிளை இழுத்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் மாத வெயிலில் தார் இளகிக் கிடந்தது. அனல் காற்று முகத்தில் அறைந்தது. ஐம்பத்தொரு வயதில் அப்படி மிதித்ததே இல்லை. எதிரே வந்த ஸ்கூட்டர்காரன் கெட்ட வார்த்தையில் திட்டியதும் காதில் விழவில்லை. வரிசை நீளமாக இருக்க வேண்டும், பிள்ளையாரப்பா, வரிசை நீளமாக இருக்க வேண்டும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனார்.

வரிசை நீளமாகத்தான் இருந்தது. ஆனால் மாசிலாமணி முன்னால் வந்துவிட்டிருந்தான். அவனுக்கு முன்னே இன்னும் ஒரே ஒரு சர்தார்ஜி.

"மாசிலாமணி, கட்டாதே! வெளியில வா!"

"ஏன் சார்?"

"எல்லாம் பொய். ஏமாத்து வேலை."

மாசிலாமணி நகரவில்லை. பணத்தைச் சுருட்டி வைத்திருந்த கை இறுகியது. அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"காலையில நெசம்னீங்க."

"காலையில எனக்குத் தெரியலை."

"உங்களுக்கு வந்தப்ப நெசம். எனக்கு வந்தா மட்டும் பொய்யா சார்?"

தட்சிணாமூர்த்திக்குச் செவிட்டில் அறை விழுந்தது போல் இருந்தது. பத்து வருஷப் பழக்கம். இவனும் டெலிவிஷன் வாங்கிவிடுவானே என்று வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்றா நினைக்கிறான்? கோபம் வந்தது. அந்தக் கோபம் நீடிக்கவும் இல்லை. அவன் வேறு எப்படி நினைப்பான்?

"ஆகே படோ, ஜல்தி!" என்று சீக்கிரம் முன்னால் நகரச் சொல்லிப் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சர்தார்ஜி ரசீதை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

இரண்டு கடிதங்களையும் பிரித்துக் கவுண்ட்டர் பலகையின் மேல் வைத்தார் தட்சிணாமூர்த்தி. மாசிலாமணிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரு நாளைக்கு இருநூறு சைக்கிளுக்கு நம்பர் பார்க்கிறவன்.

"இது உன்னோடது. இது என்னோடது. மேல இருக்கற நம்பரைப் படி."

படித்தான். மறுபடி படித்தான். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் பார்த்தான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே டோக்கனா?" என்றான்.

"ஆமாம்."

"ஒரே நம்பரை ரெண்டு பேருக்குக் குடுத்தா எந்த வண்டிய எவன்கிட்ட விடுவான்? ஸ்டாண்டு வெச்சிருக்கிறவன் செய்யிற வேலையா இது?" சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். "அப்ப அவன்கிட்ட வண்டியே இல்லீங்களா?"

"இல்லடா. ஒண்ணும் இல்லை."

மாசிலாமணி வரிசையை விட்டு வெளியே வந்தான். மணியார்டர் பாரத்தை நாலாகக் கிழித்தான். வேப்பமரத்து நிழலில் போய் உட்கார்ந்து, பணத்தை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் அவனுக்குக் கேட்கத் தோன்றியது.

"உங்க பணம் சார்?"

"போயிடுத்து."

மாசிலாமணி தாழ்ந்த குரலில் சொன்னான்: "நான் பொன்னுகிட்ட மூச்சு விட மாட்டேன் சார். கூட்டம் ஜாஸ்தி, கவுண்ட்டர மூடிட்டான்னு சொல்லிக்கிறேன். அம்மா காதுக்குப் போகாது."

சற்று முன் ஆபீஸில் இவர் நினைத்த நினைப்பு அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பானா? தட்சிணாமூர்த்தியின் கண் கலங்கிவிட்டது. தார் ரோட்டுப் புழுதி என்று கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம். நானே சொல்லிக்கறேன்" என்றார்.

ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் நின்றபடி ஒன்று விடாமல் சொன்னார். கட்டம், கடிதம், அரியர்ஸ், 2714. காமாக்ஷி சப்பாத்திக் கட்டையை உருட்டுவதை நிறுத்தினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் எதையோ எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள். பழைய பட்டுப் புடவையில் தைத்த ஒரு உறை. நாலு ஓரமும் ஜரிகை.

"டெலிவிஷனுக்கு. எதிர் வீட்டுப் பெட்டியை நூல் வெச்சு அளந்துண்டு வந்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"பொன்னம்மா அன்னிக்கே சொல்லிட்டா. நீங்களா சொல்லுவேள்னு பதினோரு நாளாப் பார்த்துண்டிருக்கேன். கதவைத் திறந்து திறந்து பார்த்தேளே, உங்களுக்கு முன்னாடி நான் பால்கனியில நின்னு பார்த்தாச்சு."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. கதவோரம் பிரம்பு நாற்காலியில் உட்காரப் போனார்.

"உக்காராதேங்கோ" என்றாள் காமாக்ஷி. அவள் முகம் வெளிறியிருந்தது. "பின் பிளாக் அனந்தலக்ஷ்மி மாமியையும் நான்தான் கட்டம் போடச் சொன்னேன். எங்காத்துக்காரர் டெஸ்பாட்ச்ல இருக்கார், அவர் லெட்டரைப் பார்த்தா பொய்யா நெஜமான்னு சொல்லிடுவார், அவரே பணம் கட்டிட்டார்னு வேற சொன்னேன். மாமிக்கு நேத்திக்கு லெட்டர் வந்துருக்கு. திங்கக்கிழமை கட்டப் போறா. நாலு பொம்மனாட்டிகளைக் கூப்பிட்டு உக்காத்தி வெச்சு லெட்டரைக் காட்டிண்டிருக்கா."

"இப்பவா?"

"இப்பத்தான்."

தட்சிணாமூர்த்தி இரண்டு கடிதங்களையும் மறுபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த நாலு பேர் முன்னால் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். 'நான் ஏமாந்துட்டேன்' என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. சரி, அதுவே போதும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். இரண்டு படி இறங்கியதும், பின்னால் காமாக்ஷி கதவைச் சாத்திக்கொண்டு கூட வரும் சத்தம் கேட்டது.